பெரும்பொழுதும் இல்லமும்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுப்பது இந்திய மரபுகள் பலவற்றுக்கும் பொது. வடமொழி நூல்கள் பெரும்பாலும் வசந்தத்தை முதலில் வைத்து எண்ணுகின்றன. தமிழ் இலக்கண மரபு மழையிலிருந்து எண்ணுகிறது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இந்த மாதக் கணக்கை விரித்துத் தந்தவர்கள் உரையாசிரியர்கள். தொல்காப்பியம் அதற்கு முன்பே அடிப்படையான ஒரு முடிவை எடுத்துவிட்டது. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். மரம், பறவை, பறை, உணவு, தெய்வம் உட்பட மற்றதெல்லாம் அதற்கு அடுத்த படியில் கருப்பொருளாக நிற்கின்றன. மனிதரின் அகவாழ்வு நடப்பதற்கு இடம் எவ்வளவு தேவையோ, பருவமும் அவ்வளவு தேவை என்பது இதன் உட்கிடை. தெய்வத்தையே பருவத்துக்குப் பின்னால் நிறுத்திய வரிசை இது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

வீட்டோடு நேராகத் தொடர்புடைய திணை முல்லை. அதன் ஒழுக்கமாகிய உரிப்பொருள் இருத்தல், ஆண்டின் பகுப்பாகிய பெரும்பொழுது கார், நாளின் பகுப்பாகிய சிறுபொழுது மாலை. வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். தலைவி வீட்டில் இருக்கிறாள். வேலியில் முல்லை அரும்புகிறது, வானம் கறுக்கிறது, அவன் வரவில்லை. இங்கே பருவம் ஒரு தவணை. அதனால்தான் தோழி, இது கார்காலமே இல்லை, பருவம் தப்பிப் பெய்யும் மழை, அதை நம்பிக் கொன்றை பூத்துவிட்டது என்று பொய்யாவது சொல்லி அவளை ஆற்றுகிறாள். பருவம் வந்துவிட்டதா இல்லையா என்பது வீட்டுக்குள் வழக்காகவே நடக்கிறது. தமிழகத்தின் உள்மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசிப் பகல்கள் புழுங்கித் தள்ளும். பொழுது சாயும் நேரத்தில் இடியோடு மழை கொட்டும். அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் காரையும் மாலையையும் ஒரே திணையில் சேர்த்ததற்கு விளக்கம் தேவைப்படாது. அடைமழை அதற்குப் பிறகு வருவது; மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது.

இப்படி வந்து போகும் பருவங்களில் மனம் மகிழ்வது சமய நோக்கில் சரியா என்ற கேள்வி பழையது. பருவம் கழிந்துவிடும்; கழிவதன்மேல் மனம் வைத்தால் பற்று; பற்று துன்பத்துக்கு வித்து. கேள்வியின் முள் இதுதான். திருக்குறளுக்குள்ளேயே இந்த இழுபறி இருக்கிறது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தில் வான்சிறப்பை வைத்து, மழையை அமிழ்தமாகக் கொண்டாடுகிறார் வள்ளுவர். அவரே நிலையாமை அதிகாரத்தில், நாள் என்று ஒன்று இருப்பதுபோலத் தோன்றினாலும் அது உயிரை அறுத்துக்கொண்டே போகும் வாள் என்கிறார். முன்னது பாயிரத்தில் வருகிறது, பின்னது துறவறவியலில். ஆகவே முன்னது எல்லாருக்கும் உரியது, பின்னது துறவிக்கு உரியது என்று பங்கு பிரித்துவிடலாம். ஆனால் அந்தப் பங்கீடு கொஞ்சம் வசதியானது. வாள் இல்லறத்தானின் உயிரை அறுக்காமல் விடுவதில்லை.

துறவிக்கும் பருவத்துக்கும் உள்ள உறவை மழைக்காலம் நன்றாகக் காட்டிவிடும். வீடு வேண்டாம் என்று புறப்பட்ட பௌத்த பிக்குகள் தொடக்கத்தில் மழையிலும் ஊர் ஊராக நடந்தார்கள். இளம்புல்லை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களை நசுக்குகிறார்கள், பறவைகூட மழைக்கு மரத்தில் கூடு கட்டி அடங்கியிருக்கிறதே என்று மக்கள் குறைபட்டுக்கொண்டதாக விநய பிடகம் சொல்கிறது. அதன்பின் புத்தர் மூன்று மாத மழைக்கால உறைவை விதித்தார். சமணத் துறவிகளுக்கு அது நான்கு மாதம். இந்து சந்நியாசிகளும் ஆடிப் பௌர்ணமியை ஒட்டி வரும் வியாச பூசையில் தொடங்கிச் சாதுர்மாசிய விரதம் இருக்கிறார்கள். எல்லாப் பற்றையும் விட்டவரையும் ஆண்டுக்கு ஒருமுறை கூரைக்குள் உட்கார வைக்கிற வல்லமை மழைக்கு இருக்கிறது. பெரும் விகாரங்கள் பலவற்றின் தோற்றத்தை இந்த மழைக்கால உறைவில்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

கூரைக்குள் இருப்பவருக்குப் பருவம் எப்படித் தெரிகிறது என்பதை நக்கீரரின் நெடுநல்வாடை அளவுக்கு அருகில் போய்ப் பார்த்த நூல் அரிது. 188 அடிகள் கொண்ட அந்தப் பத்துப்பாட்டு நூல் கூதிர்க்காலத்து நகர வீட்டைப் பொருள் பொருளாகத் தொட்டுக் காட்டுகிறது. சூரியன் தெரியாததால் பொழுது சாய்ந்ததா என்று பெண்களுக்குப் புலப்படவில்லை. தட்டில் வைத்த பிச்சி அரும்பு விரிந்து மணம் வந்ததும் மாலை என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள், நெல்லும் மலரும் தூவி வணங்குகிறார்கள். வீட்டுப் புறா இரை தேடப் போகாமல், இரவு பகல் தெரியாமல், இறப்பில் நின்றபடி காலை மாற்றி மாற்றி வைக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. வேனிலில் ஓயாமல் வீசிய விசிறி சுருக்கி மாட்டப்பட்டிருக்கிறது, அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குளிர்நீர்க் குடத்தை யாரும் நாடுவதில்லை. கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் யாரும் குளிரை ரசிப்பதாக நக்கீரர் சொல்லவில்லை. பொருள்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். தமிழ் மரபில் பருவத்தில் மகிழ்தல் என்பதன் முதல் இலக்கணத்தை இங்கே காணலாம்: வெளியே காட்சியாகப் பார்ப்பதைவிட, வீட்டுக்குள் ஏதாவது ஒன்றை எடுத்து வைப்பதும் இறக்கி வைப்பதுமாகவே பருவம் உணரப்படுகிறது.

தத்துவ நூல்கள் இதே காலத்தை வேறு கண்ணால் பார்த்தன. வைசேடிகம் ஒன்பது திரவியங்களில் ஒன்றாகக் காலத்தைச் சேர்த்தது. அது ஒன்று, எங்கும் நிறைந்தது, அழியாதது. பருவம், மாதம், நேற்று, நாளை எல்லாம் சூரியனின் இயக்கம் போன்ற புறக்காரணங்களால் நாம் இடும் பிரிவுகள். அப்படியானால் காலம் மாறுவதே இல்லை, பொருள்கள்தான் மாறுகின்றன. சாங்கியம் காலத்துக்குத் தனித் தத்துவ இடம் தரவில்லை. சைவ சித்தாந்தம் தந்தது. 36 தத்துவங்களில் வித்தியா தத்துவம் ஏழு. அவற்றுள் காலம் ஒன்று. அது அசுத்த மாயையில் தோன்றுவது, ஆகவே நிலையானது அன்று. அதன் தொழில் உயிருக்கு மூன்றைத் தருவது என்று சித்தாந்த நூல்கள் வகுக்கின்றன: கழிந்ததற்கு எல்லை, நிகழ்வதில் பயன், வருவதில் புதுமை.

இந்த மூன்றையும் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் பொருள் இன்னும் தெளியும். பங்குனியில் மாவடு வருகிறது. அதில் புதுமை இருக்கிறது. உப்பிலும் கடுகுப் பொடியிலும் ஊறிச் சுருங்கியதும் பயன். ஆடிக்குள் சாடி காலியாகிறது; அது எல்லை. எல்லை இல்லாவிட்டால் அடுத்த பங்குனிக்குப் புதுமையும் இல்லை. உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய தனு, கரண, புவன, போகங்களை இறைவன் உயிருக்குக் கொடுத்தது அதைப் பிணித்திருக்கும் மலம் பழுத்துக் கழல்வதற்காக என்பது சித்தாந்தத்தின் நிலை. அந்தக் கணக்கில் போகம் தவறாகாது. உண்ணாமல் பழுக்க வழியில்லை. துறவு நூல்கள் நுகர்ச்சியைத் தடையாகப் பார்க்கும் இடத்தில், சித்தாந்தம் அதை மருந்தாகப் பார்க்கிறது. மருந்துக்கு அளவு உண்டு. அந்த அளவைத் தருவதும் காலமே.

ஆகம, புராண மரபு வேறொரு விடை சொல்கிறது. மனிதருக்கு ஓராண்டு, தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் அவர்களுடைய பகல், தட்சிணாயனம் இரவு. அப்போது மார்கழி விடியலுக்கு முந்திய பொழுதாகிறது. சிதம்பரத்தில் நடராசருக்கு ஆண்டில் ஆறு முறை மட்டும் மகா அபிஷேகம் நடப்பதன் காரணம் இதில்தான் இருக்கிறது. கோயிலில் ஒரு நாளுக்கு ஆறு காலப் பூசை. தேவர் நாளுக்கும் ஆறு. மார்கழித் திருவாதிரை வைகறைப் பூசை, மாசிச் சதுர்த்தசி காலைச்சந்தி, சித்திரைத் திருவோணம் உச்சிக்காலம், ஆனி உத்திரம் மாலைப் பூசை, ஆவணிச் சதுர்த்தசி இரவுப் பூசை, புரட்டாசிச் சதுர்த்தசி அர்த்தசாமம். இப்படிப் பார்த்தால் மார்கழிக் குளிரில் இருட்டோடு எழுந்து வாசல் தெளிப்பவர், நாளின் வைகறையையும் ஆண்டின் வைகறையையும் ஒரே வாளித் தண்ணீரில் தொடுகிறார். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் மாதங்களில் தான் மார்கழி என்றும் பருவங்களில் தான் மலர்ப்பருவம் என்றும் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். குளிருக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணத் தொடக்கமாகக் கொள்ளப்படும் தை முதல் நாள் வருவதோ ஜனவரி 14 அல்லது 15. விண்மீன்களை வைத்து எண்ணும் பஞ்சாங்கம், ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சூரியத் திருப்பத்தை விட்டு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன். வானியல்படி இன்றைய மார்கழிப் பிற்பாதியில் தேவர்களுக்கு விடிந்துவிட்டது. இதனால் எந்த வீட்டிலும் கோலம் நிற்கவில்லை. டொராண்டோவில் பனி மூடிய முற்றத்தைச் சன்னல் வழியே பார்த்தபடி, சமையலறை அடுப்பில் பொங்கல் பானை வைக்கும் ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கும் இதே நிலைதான். பருவம் வானிலையில் இருக்கிறதா, வழிபாட்டில் இருக்கிறதா என்று கேட்டால், இரண்டும் விலகும் இடத்தில் வழிபாடு பருவத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

கடவுளையும் பருவத்துக்கு உட்படுத்தியது பக்தி மரபு. அக்கினி நட்சத்திர நாட்களில் சிவலிங்கத்துக்கு மேல் தாராபாத்திரம் கட்டப்படுகிறது. அடியில் உள்ள சிறு துளை வழியே நாள் முழுவதும் நீர் சொட்டுகிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபம் வசந்த விழாவுக்கானது. இறைவன் இறைவிக்கு வெப்பம் தணிய அதைச் சுற்றி நீர் நிறைக்கும் அகழி விட்டுக் கட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைசிக ஏகாதசியன்று பெருமாளுக்கு 108 போர்வைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றப்படுகின்றன. எங்கும் நிறைந்தவனுக்குக் குளிருமா என்று தருக்கம் பேசுபவர் கேட்கலாம். வீட்டில் கைக்குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுபவர், குளிர்கிறதா என்று குழந்தையைக் கேட்பதில்லை. தனக்குக் குளிர்ந்தால் அடுத்தவருக்கும் குளிரும் என்ற அறிவுதான் இங்கே வழிபாடாகிறது. பருவத்தைத் தான் மட்டும் நுகராமல், முதலில் இன்னொருவருக்கு ஊட்டிவிட்டு நுகர்வது. போகத்துக்கும் பிரசாதத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவே.

வீட்டில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு வேப்பமரம் ஒன்று போதும். மாசியில் இலை உதிர்த்து, பங்குனியில் செம்பு நிறத் தளிர் விட்டு, கூடவே பூக்கத் தொடங்குகிறது. மரத்தடியைப் பெருக்கி முதல் நாள் இரவே பழைய வேட்டியை விரித்து வைப்பார்கள். விடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கினால் வெள்ளைப் பூ நடுவில் குவியும். காம்பும் சருகும் எறும்பும் முறத்தில் புடைக்கும்போது போகும். நிழலிலும் பிறகு வெயிலிலும் காய்ந்து பழுப்பேறியதைப் பாட்டிலில் அடைத்தால் ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் அதே பூ மாங்காயோடும் வெல்லத்தோடும் பச்சடியில் சேர்கிறது. அதே வெயிலில் மொட்டை மாடியில் வடாம். அரிசிக் கூழை வெயில் ஏறுமுன் ஈரத்துணியில் பிழிந்துவிட வேண்டும். காக்கை வராமல் இருக்க ஒரு கறுப்புக் குடையும் ஒரு சிறுவனும். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். கத்திரி வெயிலைத் திட்டாதவர் ஊரில் ஒருவரும் இல்லை. வானம் இரண்டு நாள் மூட்டம் போட்டாலும் முதலில் முகம் சுளிப்பது வடாம் பிழிந்த வீடுதான்.

இந்த வேலை யாருடையது என்ற கேள்வியை விட்டுவிட்டுப் பருவ மகிழ்ச்சியைப் பேசுவது அரைகுறையாகும். மார்கழிக் கோலத்தின் அழகை வியந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் கோலம் முடிந்த பிறகு எழுந்தவர்கள். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகப்படும் நேரத்தில் கோலமிட்ட விரல்கள் விறைத்திருக்கும். மகிழ்ச்சி ஒருவருக்கும் கடமை இன்னொருவருக்கும் என்று ஒரே வீட்டுக்குள் பிரிந்தால், பற்றா பற்றின்மையா என்ற விசாரணைக்கு முன்பே நீதி பற்றிய விசாரணை ஒன்று பாக்கி இருக்கிறது.

மழையையும் கூரை உள்ளவர்தான் ரசிக்க முடியும். கெடுப்பதும் மழை, கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் மழை என்று வான்சிறப்பிலேயே ஒரு குறள் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. அந்த ஆண்டு கார்த்திகை தீபம் சரியாக ஒரு வாரம் கழித்து வந்தது. மின்சாரம் திரும்பாத ஊர்கள் அப்போதும் பல. கூதிர்க்காலத்தை வெறும் அழகாகப் பாடும் மனம் இந்த இடத்தில் நிற்காது. ஆனாலும் வழிபாடு ஏதோ ஒரு வகையில் தொடர்ந்தது, அகல் கிடைத்தவர்கள் ஏற்றினார்கள். கார்த்திகை விளக்கு வாசலோடும் திண்ணையோடும் முடிவதில்லை. கிணற்றடி, மாட்டுத்தொழுவம், துளசிமாடம் என்று போய், குப்பைக் கார்த்திகை என்று பெயர் பெற்ற நாளில் எருக்குழி ஓரத்திலும் ஒரு விளக்கு வைக்கப்படுகிறது. வீடு கழித்துப் போட்டதற்கும் ஒளியில் பங்கு உண்டு என்று எந்தத் தத்துவ நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

எஞ்சி நிற்பது கடினமான பகுதி. பருவம் சுழல்கிறது, வீட்டில் இருப்பவர்கள் சுழல்வதில்லை. பவழமல்லி அடுத்த ஆண்டும் விடியலில் உதிரும், பொறுக்கியவர் இருக்கமாட்டார். வள்ளுவர் சொன்ன வாள் இதுதான். பருவத்தின் திரும்பல் ஆறுதலா, இழப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையா என்பதற்கு மேலே கண்ட நெறிகள் ஒருமித்த விடை தரவில்லை. பௌத்தம் அதை அநித்தியத்தின் பாடமாக வாசிக்கும். சித்தாந்தம் எல்லை என்ற சொல்லால் குறிக்கும்.

வீட்டுச் சடங்கு வேறொன்று செய்கிறது. இறந்தவரின் நாளை ஆங்கிலத் தேதியால் குறிக்காமல் தமிழ் மாதம், பட்சம், திதி என்று குறிக்கிறது. நேர்கோட்டில் போய் முடிந்த ஓர் உயிரை எடுத்துச் சுழற்சிக்குள் வைக்கும் ஏற்பாடு இது. அதன்பின் அவர் ஐப்பசித் தேய்பிறைச் சப்தமி ஆகிவிடுகிறார், அடைமழையோடு வருகிறார். தட்சிணாயனம் தொடங்கும் ஆடி, உத்தராயணம் தொடங்கும் தை ஆகிய இரண்டின் அமாவாசைகளும், புரட்டாசி மகாளயமும் எல்லா முன்னோருக்கும் பொதுவானவை. திதிச் சமையலில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சேர்வதில்லை. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், பிரண்டை என்று அவர்கள் காலத்து மண்ணில் விளைந்ததே வேண்டும். சமைத்ததில் முதல் பிடி வாழை இலைத் துண்டில் மதில்மேல் போகிறது. மழை விடாத ஐப்பசியில் சோறு நனைந்துவிடாமல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு, காக்கை வரும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.